ஓவர்லோடின் முப்பத்தாறு பேர்

பக்கவாதம் வந்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது கட்டிலின் உயரம், அடுத்து குளியலறைத் தரை, அப்புறம் வீட்டில் யார் அதிகம் பேசுகிறார்கள் என்பது. அந்த லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் கட்டில் சரியான உயரம். குளியலறையில் ஏதோ ஒரு பழைய லிஃப்டின் கைப்பிடிக் கம்பியை அவரே எப்போதோ கொண்டுவந்து பொருத்தியிருந்தார். பேசுகிறவர் அவர் மனைவி. இதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. என் முப்பத்தெட்டு வருஷ நர்ஸ் வேலையில் வேறு எந்த வீட்டிலும் அதைப் பார்த்ததில்லை. கூடத்தில் சாப்பாட்டு மேசை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிரகம் இருந்தது.

பழைய கதவு ஒன்றைக் கிடத்தி, மணலையும் பசையையும் கலந்து பூசி, சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். முட்டை அட்டையில் குன்றுகள். சைக்கிள் சங்கிலியில் ஒரு தண்டவாளம். லிஃப்ட் பொத்தான்கள் பதித்த ஒரு கோபுரம். குன்றுகளுக்கு நடுவே என் சுண்டுவிரலில் பாதி உயரத்துக்கு ஆட்கள் நின்றார்கள். தலையில் விளக்கு, முதுகில் காற்று உருளை, கையில் துளைபோடும் கருவி மாதிரி ஒரு துப்பாக்கி. ஒவ்வொருவருக்கும் முகம் இருந்தது. மூக்கும் மீசையும்கூட எழுதியிருந்தது.

"இவங்கல்லாம் யாரும்மா?" என்று கேட்டேன்.

"அவரோட பட்டாளம். முப்பத்தாறு பேர்," என்றார் மனைவி. "எனக்கு ஒரே பொண்ணுக்கா, வெளியூர்ல வேலை பார்க்கிறா. இவருக்கு மொத்தம் முப்பத்தேழு பிள்ளைங்க."

கட்டிலில் இருந்தவர் பாதி வாயால் சிரித்தார். மறுபாதி அப்போது வேலை செய்யவில்லை.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. பத்தொன்பதில் கிரீஸ் டப்பா தூக்குகிற எடுபிடியாக வேலைக்குச் சேர்ந்தவர். எந்தக் கட்டடத்தில் லிஃப்டில் ஏறினாலும் தலையைச் சாய்த்துக் கேட்பாராம். மூன்றாவது மாடி தாண்டுவதற்குள் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாராம். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களை மீட்பதில் பேர் எடுத்தவர். கதவுக்கு வெளியே நின்று 'பயப்படாதீங்க' என்று சொல்கிற வழக்கமில்லை. 'காலையில என்ன சாப்பிட்டீங்க?' என்று கேட்பார். உள்ளே இருப்பவர் குழம்பி, யோசித்து, பதில் சொல்லி முடிப்பதற்குள் இவர் பாதி வேலையை முடித்திருப்பார். மனைவியையும் அப்படித்தான் ஒரு துணிக்கடை லிஃப்டிலிருந்து இறக்கியிருக்கிறார்.

"அன்னிக்கு நான் ஒண்ணும் சாப்பிடலைக்கா. அப்படியே சொன்னேன். கதவு திறந்ததும் கையில ரெண்டு பிஸ்கெட்டை வச்சார். அன்னிக்கு மாட்டினவதான், இன்னும் வெளியே வரலை," என்றார் மனைவி. அவர் வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவர். வாயில் ஊசி இருக்கும்போது மட்டும்தான் பேச்சு நிற்கும்.

நோய் வந்தது வேலையில் இருந்தபோது. ஆறாவது மாடியில், லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் வலது கையிலிருந்து எண்ணெய்க் குப்பி நழுவியது. காலும் மடங்கியது. இடது கையால் முதலில் லிஃப்டை நிறுத்துகிற விசையை அழுத்திவிட்டு, அப்புறம் உட்கார்ந்து, அப்புறம்தான் கூப்பிட்டிருக்கிறார். அந்த வரிசையை மாற்றியிருந்தால் எனக்கு அந்த வீட்டில் வேலை இருந்திருக்காது.

நான் போனது ஐந்தாவது வாரம். தடியை ஊன்றி நடந்தார். பேச்சு மெதுவாக, ஆனால் புரிகிற மாதிரி வந்தது. வலது கை விரல்கள் பாதி மூடியபடி இருந்தன. ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னேன். பத்துத் தடவை அமுக்கிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னும் பத்து, தம்பி."

"இந்தப் பந்தை அமுக்கி நான் என்ன செய்யப் போறேன், சிஸ்டரம்மா?"

நியாயமான கேள்வி. மறுநாள் அவரை மேசைக்கு முன்னால் நிறுத்தினேன். வலது கையால் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடது கையால் ஒரு ஆளை எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். அன்று அறுபது தடவை செய்தார். அந்த வார முடிவில் இருநூறு. சட்டைப் பட்டன் போடப் பழகுகிறவர்கள் யாரும் இருநூறு தடவை போட்டு நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் விளையாட்டையும் புரிந்துகொண்டேன். வளர்ந்த ஆண்கள் பொம்மை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். பொம்மைதான். ஆனால் கணக்கும் இருக்கிறது. காற்றே இல்லாத ஒரு கிரகம். அதில் மூன்று காற்றுக் கிணறுகள். ஒரு பக்கம் இவருடைய சுரங்கத் தொழிலாளர்கள். எதிர்ப்பக்கம் வேறொருவர் கொண்டுவருகிற வேற்றுக்கிரகத்து ஜந்துக்கள். அளவு நாடாவை வைத்து இத்தனை அங்குலம் என்று ஆட்களை நகர்த்த வேண்டும். எட்டுகிற தூரத்தில் இருப்பவனைச் சுட வேண்டும். சுட்டது பட்டதா என்று பகடை சொல்லும். ஐந்து சுற்று. கடைசியில் யாருடைய ஆட்கள் அதிகக் கிணறுகளைப் பிடித்து நிற்கிறார்களோ அவருக்கு வெற்றி.

மாதத்தின் முதல் ஞாயிறு, நூலகத்தின் பின்பக்கக் கூடத்தில், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆடுவார்கள். நான்கு மேசை, எட்டுப் பேர். வெளியே ஐந்து பேர் இடம் கிடைக்காதா என்று பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பன்னிரண்டுக்கு ஒரு பாட்டுக் குழு உள்ளே வந்துவிடும் என்பதால் நேரத்தில் கறார். தொடர்ந்து இரண்டு மாதம் ஐந்து சுற்றையும் முடிக்காதவர் பெயர் காத்திருக்கிற பட்டியலின் அடியில் போய்விடும். தோற்றால் பரவாயில்லை. முடிக்காமல் விடக் கூடாது. இன்னொரு சட்டம், ஒருவர் படையை இன்னொருவர் தொடக் கூடாது. தொட்டால், தொட்ட பொம்மை ஆட்டத்திலிருந்து வெளியே. எப்போதோ யாரோ ஆர்வக்கோளாறில் ஒரு பறக்கும் ஜந்துவைத் தூக்கிப் பார்த்து இறக்கையை முறித்ததால் வந்த சட்டம்.

நோய்க்கு முன்னால் முப்பத்தாறு பேரையும் இவர் இரண்டு நிமிடத்தில் நகர்த்திவிடுவாராம். நான் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் வந்த முதல் ஞாயிறு, மருத்துவமனையிலிருந்து வந்த சூட்டோடு போயிருக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் நகர்த்தவே முக்கால் மணி. மூன்றாவது சுற்றில் பாட்டுக் குழு வந்துவிட்டது. ஆக, வருகிற ஞாயிறும் முடிக்காவிட்டால் இடம் போய்விடும்.

மனைவிக்கு அவரை அனுப்ப மனமில்லை. "அவங்க போகச் சொல்றதுக்கு முன்னால நீங்களே விட்டுடலாமே. வீட்லயே வச்சு ஆடுங்க."

"வீட்ல யாரோட ஆடுறது? உன்னோடயா?"

"எனக்கென்ன? நான் ஆடினா அந்த மூணு கிணத்தையும் முதல்ல மூடி போட்டு மூடிட்டு, அப்புறம் உங்களோட பேச்சு வார்த்தை நடத்துவேன்."

"அதான் உன்னோட ஆடறதில்ல," என்றார்.

இரண்டு நாள் கழித்து ஒரு யோசனை சொன்னார். லிஃப்ட் மெக்கானிக்குக்குத்தான் தோன்றும். "ஒவ்வொருத்தனையும் எதுக்குத் தூக்கணும்? எட்டுப் பேரை ஏத்தி ஒரே தடவையா அனுப்பலாம்." பழைய பிளாஸ்டிக் கோப்பு அட்டையில் எட்டு வட்ட ஓட்டைகள் போட்டு, அடியில் இன்னொரு அட்டையை ஒட்டினால் ஒரு தட்டு. ஓட்டைக்கு ஒருவன். தட்டைத் தள்ளினால் எட்டுப் பேரும் நகர்வார்கள். வெட்டிக் கொடுத்தது மனைவி. திரைச்சீலை வெட்டுகிற கத்தரிக்கோல் மழுங்கும் என்று பத்துத் தடவை சொல்லிக்கொண்டே நான்கு தட்டுகள் வெட்டினார். மீதி நான்கு பேர் தனியாக.

வேகம் வந்தது. ஆனால் அதற்கு விலையும் இருந்தது. எதிராளி பெரிய குண்டு போடும்போது உள்ளங்கை அகல வட்டத் தகடு ஒன்றை மேலே வைப்பார்களாம். அதற்கடியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஆபத்து. தள்ளித் தள்ளி நின்றால் இரண்டு பேர் சிக்குவார்கள். தட்டில் நெருக்கி நின்றால் எட்டுப் பேரும்.

"தெரிஞ்சே சாகக் குடுக்கறீங்களா, தம்பி?"

"நேரமில்லாம சாகறதுக்கு இது மேல்," என்றார்.

ஞாயிறு எட்டே முக்காலுக்குக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அடுக்கி வைத்த நாற்காலிகள், சுவரில் பெரிய கடிகாரம், மூலையில் தேநீர்ப் பாத்திரம். உள்ளே நுழைந்ததும் ஒருவர் கூரை அதிரக் கத்தினார்.

"வாடா ஓவர்லோடு! வழி விடுங்கப்பா, தடி வருது!"

இவர் பெயர் அங்கே ஓவர்லோடு. அனுமதித்த கணக்குக்கு மேல் எப்போதும் ஒரு ஆள் கூடுதலாகக் கொண்டுவந்து, எண்ணிப் பார்த்துத் திருப்பி அனுப்பப்படுகிறவர் என்பதால் வைத்த பெயர். கத்தியவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவர் பெயர் ஹாரன். ஏன் என்று நான் கேட்கவில்லை, காது இருந்தது. அன்றைக்கு எதிராளியும் அவர்தான். சட்டம் பார்த்துக்கொள்கிறவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒல்லியான மனிதர். அவருக்குப் பவர் என்று பெயர். அவர் என்னிடம் வந்து மரியாதையாகச் சொன்னார்: "நீங்க பக்கத்துல உட்காரலாம்மா. ஆனா மேசை மேல கை வைக்கக் கூடாது."

"நான் கை வைக்கிறது மனுஷங்க மேல மட்டும்தான்," என்றேன்.

ஒன்பது ஐந்துக்குத் தொடங்கியது. ஹாரனுடைய படை முழுக்கப் பூச்சிகள். நடுவில் தேங்காய் அளவுக்கு ஒரு வண்டு. வாயிலிருந்து அமிலம் துப்புமாம், அதுதான் அந்தப் பெரிய குண்டு. அந்த வண்டை ஹாரன் ஆசையாகத் தடவிக்கொண்டார். ஓவர்லோடு இடது கையால் முதல் தட்டைத் தள்ளினார்.

"இது என்ன மச்சான், பேக்கரி தட்டா?"

"உன் பூச்சிக்கு வயிறு வலிக்கப் போகுது. பார்த்துத் தின்னு."

முதல் சுற்று ஒன்பது நாற்பதுக்கு முடிந்தது. எனக்கே நம்பிக்கை வந்தது. இரண்டாவது சுற்றில், தட்டு ஒன்று வண்டுக்கு நேர் எதிரே திறந்த வெளியில் நின்றது. ஹாரன் கன்னத்தைச் சொறிந்தார். பிறகு வண்டைத் திருப்பி, குன்றுக்குப் பின்னால் தனியாக இருந்த ஒரே ஒரு ஆளைக் குறி வைத்தார்.

ஓவர்லோடு பகடையைக் கையால் மூடினார்.

"என்ன பண்ற?"

"அவன் ஆபத்தானவன் மச்சான். முதல்ல அவனை..."

"எட்டுப் பேர் கூட்டமா நிக்கறாங்க. போன வருஷம்னா விட்டிருப்பியா?"

ஹாரன் வண்டின் முதுகைத் தடவினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லு. விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அப்போ போடு. எனக்கு உடம்பு சரியில்லைன்னா ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வா. இங்க குண்டு போடு."

ஹாரன் தகட்டை எடுத்துத் தட்டின் நட்டநடுவில் வைத்தார். பகடை உருண்டது. எட்டுப் பேரில் ஆறு பேர் காலி. ஓவர்லோடின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு வாரமாக நான் காட்டிய எந்தப் பயிற்சிக்கும் அப்படிச் சிரித்ததில்லை. ஹாரனுக்கும் உயிர் வந்துவிட்டது. "ஆறு! ஆறு பேர்! துண்டு போட்டு மூடுங்கப்பா!" என்று கூடமெல்லாம் கேட்கக் கத்தினார்.

அதற்கப்புறம் ஓவர்லோடு ஆட்டத்தை மாற்றினார். வண்டுக்கு எட்டுகிற இடத்தில் இருந்தவர்களைத் தட்டிலிருந்து இறக்கி ஒவ்வொருவராகக் கையால் தள்ளி நிறுத்தினார். தூரத்தில் இருந்தவர்களை மட்டும் தட்டில் வைத்தார். இருக்கிற நேரத்தை எங்கே செலவழிப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது சுற்று முடிந்தபோது பதினொன்றாக ஐந்து நிமிடம். இரண்டு சுற்றுக்கு ஒரு மணி ஐந்து நிமிடம். தேநீர் கொடுத்தேன், மாத்திரை கொடுத்தேன். தடுக்கவில்லை, கவனிக்கவும் இல்லை.

நான்காவது சுற்றில் தப்பு நடந்தது. செய்தது நான்.

அந்த விளையாட்டில் செத்தவனை உடனே எடுத்துவிட மாட்டார்கள். விழுந்த இடத்திலேயே படுக்க வைப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுட்டுக்கொள்வதாகக் கணக்கு என்பதால், செத்தவனுக்கும் சுற்று முடிவில் ஒரு குண்டு பாக்கி இருக்கும். அதைச் சுட்ட பிறகுதான் பெட்டிக்குள் போவான். இது எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஹாரன் சுட்டு முடித்தபோது ஓவர்லோடுக்குப் பதினைந்து பேர் மேசையில் இருந்தார்கள். அதில் நான்கு பேர் படுத்திருந்தார்கள். கடைசி குண்டுகளுக்காக அவர் பகடையை எடுக்கக் குனிந்தார். வலது கையின் சட்டை முனையில் பட்டன் கழன்றிருந்தது. காலையில் அதைப் போட்டுவிட்டது நான். தொங்கிய அந்தத் துணி மேசையைப் பெருக்கிக்கொண்டு போனது. பதினோரு பேர் சரிந்தார்கள். செத்தவர்களும் இருந்தவர்களும் ஒரே குவியல்.

விழுந்தவனைக் கண்டால் என் கை யோசிக்காது. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். யாரும் வாய் திறப்பதற்குள் பதினோரு பேரையும் தூக்கி வரிசையாக நிற்க வைத்துவிட்டேன். சுத்தமாக, இடைவெளி விட்டு.

கூடமே திரும்பிப் பார்த்தது.

"அம்மா," என்றார் ஹாரன் மெதுவாக, "நாலு பேருக்கு உயிர் குடுத்துட்டீங்க."

பவர் வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கும் சங்கடம்தான். "வேற கை பட்டா ஆள் வெளியே. அதான் சட்டம். பதினொண்ணும் வெளியேன்னா, ஓவர்லோடு, உனக்கு நாலு பேர்தான் மிச்சம்."

"தப்பு என்னுது," என்றேன். "அவரை ஏன் பிடிக்கிறீங்க? என்னை வெளியே அனுப்புங்க."

"நீங்க சும்மா இருங்க, சிஸ்டரம்மா," என்றார் ஓவர்லோடு. அவர் கண் கடிகாரத்தின் மேல் இருந்தது. பதினொன்றே கால் தாண்டிவிட்டது.

ஹாரன் குறுக்கே வந்தார். "பவரண்ணே, அந்தச் சட்டம் ரெக்கை உடைஞ்சதுக்குப் போட்டது. இப்ப ஏதாவது உடைஞ்சிருக்கா? பாருங்க."

பவர் ஒவ்வொருவனாகக் குனிந்து பார்த்தார். கடைக்காரர் கண். "உடையலை. ஆனா செத்தது யாரு, இருக்கிறது யாரு?"

"அவனே சொல்லட்டும்."

"பாவம் பார்க்கறியா?" என்றார் ஓவர்லோடு.

"பாவமா? உன் பல் டாக்டரை நான்தான் கொன்னேன். அந்தாளைத் திரும்ப நடமாட விட்டேன்னா என் பேரை மாத்திக்கறேன். சொல்லு, யார் யாரு?"

ஓவர்லோடு இடது கையின் ஆட்காட்டி விரலை நீட்டினார். "பல் டாக்டர் செத்தாச்சு. மீன் கூடைக்காரி செத்தாச்சு. ரெட்டைப் பிள்ளைங்கள்ல பெரியவன். அப்புறம் அந்தத் தபால்காரர்." ஒவ்வொரு பெயருக்கும் ஒருவனைத் தள்ளிப் படுக்க வைத்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஹாரன்தான் விளக்கினார். "இவன் லிஃப்ட்ல இருந்து இறக்கி விட்டவங்கம்மா. மாட்டிக்கிட்ட ஆள் முகம் மனசுல நின்னுதுன்னா, வீட்டுக்குப் போய் அந்த முகத்தை ஒருத்தனுக்கு எழுதிடுவான். பல் டாக்டர் மூணு மணி நேரம் உள்ள இருந்தவர்." பிறகு மேசையைத் தேடினார். "தங்கச்சி எங்கடா?"

"அவ பின்னால தட்டுல இருக்கா. அவளை என்னிக்கு முன்னால விட்டிருக்கேன்?"

நான் குனிந்து பார்த்தேன். பின்வரிசையில், விளக்குத் தொப்பிக்குக் கீழே, அவர் மனைவியின் கூர் மூக்கு. உதட்டில் மெல்லிய வெள்ளிக் கோடு, ஊசி. இரண்டு வாரம் தினமும் தூசி தட்டிய மேசை. நான் கவனித்ததே இல்லை.

பவர் நான்கு பேரையும் பார்த்துத் தலையாட்டினார். செத்தவர்கள் தங்கள் கடைசி குண்டைச் சுட்டுவிட்டுப் பெட்டிக்குள் போனார்கள். ஐந்தாவது சுற்று தொடங்கும்போது பன்னிரண்டுக்கு இருபது நிமிடம்.

ஓவர்லோடிடம் பதினோரு பேர் மிச்சம். ஒரு கிணறு அவர் கையில், ஒன்று ஹாரன் கையில். மூன்றாவது காலி. அதற்குப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள், பருத்த வக்கீல். அவருக்கு நான் கொடுத்த மாத்திரைகளின் காலி அட்டைகளில் செய்த சுவர்களுக்கு நடுவே வளைந்து ஒன்பது அங்குலம் போனால் கிணறு. வக்கீல் அங்கே போய் நின்றுவிட்டால் இவர் பக்கம் இரண்டு கிணறு.

மற்ற பத்துப் பேரையும் எட்டு நிமிடத்தில் நகர்த்திச் சுட்டு முடித்தார். வக்கீலிடம் வந்தபோது இடது கைக் கட்டைவிரல் நடுங்க ஆரம்பித்தது. களைப்பு. நான் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன்.

"சிஸ்டரம்மா, என்னைத் தொட்டா நானும் ஆட்டத்துலேர்ந்து வெளியே," என்றார் திரும்பாமல்.

நாடி வேகம்தான், ஆனால் சீராக இருந்தது. விட்டுவிட்டேன்.

வக்கீல் சுவர் முனையில் சரிந்தார். ஓவர்லோடு அவரை எடுத்து நிறுத்தினார். இரண்டாவது வளைவில் மறுபடி சரிந்தார். சொந்தக் கை பட்டு விழுந்தால் விழுந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். அதற்குச் சட்டம் தடையில்லை, கடிகாரம்தான் தடை. கதவருகே பாட்டுக் குழுப் பெண் ஒருத்தி கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். மற்ற மூன்று மேசைகளும் முடிந்திருந்தன. எல்லோரும் இங்கே கூடிவிட்டார்கள். மூன்றாவது தடவை வக்கீல் சரிந்தபோது பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம். இன்னும் நாலு அங்குலம்.

"போயிடும் மச்சான், இன்னும் ஒரு தடவை," என்றார் ஹாரன். வக்கீல் போய்ச் சேர்ந்தால் தனக்குத் தோல்வி என்பதே அவருக்கு மறந்துவிட்டது போல.

ஓவர்லோடு கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "உன் முறைக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

"எனக்கா? மூணு நிமிஷம். அடிச்சுப் பிடிச்சா ரெண்டரை."

அவர் வக்கீலைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நோயாளி வலிக்கு முன்னால் பல்லைக் கடிப்பாரே, அந்த மாதிரி ஒரு கணம். பிறகு வக்கீலை விழுந்த இடத்திலேயே நேராக நிறுத்தி, கையை எடுத்தார்.

"என் முறை முடிஞ்சது. நீ ஆடு."

"டேய், நாலு அங்குலம்தான்..."

"ஆடுடா!"

ஹாரன் ஆடினார். அந்தப் பெரிய உடம்புக்கு அத்தனை வேகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பூச்சிகள் பறந்தன, பகடை மேசையிலிருந்து குதித்தது, யாரோ பொறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டு பூச்சிகள் வக்கீலைத் தாண்டி மூன்றாவது கிணற்றில் போய் நின்றன. வண்டு ஒரு குண்டு போட்டது. மூன்று பேர் விழுந்தார்கள், கடைசி குண்டைச் சுட்டார்கள், பெட்டிக்குள் போனார்கள். பவர் கடிகாரத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "ஐந்து சுற்றும் முடிந்தது. கிணறு இரண்டுக்கு ஒன்று. ஹாரன் வெற்றி."

பன்னிரண்டுக்கு இன்னும் முப்பது நொடி இருந்தது. பாட்டுக் குழுப் பெண் என்னிடம் கேட்டாள், "அந்தத் தடிக்காரரா ஜெயிச்சார்?" எல்லோரும் அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்ததால் வந்த சந்தேகம். "இல்லம்மா. ஆனா தட்டறாங்க. நீயும் வேணும்னா தட்டு," என்றேன்.

ஆட்களைப் பெட்டியில் அடுக்குவதை அவரே செய்தார்; நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது.

"என்ன ஆச்சுக்கா? பேசாம கூட்டிட்டு வந்துடுங்க. நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்."

"தோத்துட்டார்மா."

அந்தப் பக்கம் தையல் இயந்திரம் நின்றது. "இடம்?"

"இருக்கு."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை. எதிரே ஓவர்லோடு பவரைச் சுவரோரம் மடக்கி வைத்திருந்தார். அடுத்த மாதம் தனக்கு ஜன்னல் பக்க மேசைதான் வேண்டும், அதுவும் இடது கை பக்கம் காலியாக இருக்கிற மாதிரி வேண்டும், எதிராளி ஹாரன் வேண்டாம், அவன் கத்துகிறான் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பவர் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டை அரை மணி தள்ளி வைம்மா," என்று சொல்லிவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு அவரைக் கிளப்பப் போனேன்.